குறிக்குப் பின்னால் நிற்கிறவர்கள்

ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் மருமகளும் பேத்தியும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனதிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. கை கழுவிக்கொண்டே நீ சொன்னாய், "மா, லைசென்ஸ் வந்திருச்சு. அடுத்த வாரத்திலேருந்து நகைக்கடை வாசல்ல துப்பாக்கியோட நிப்பேன்" என்று. திருடன் வந்தால் என்னய்யா செய்வாய் என்று கேட்டேன். "சுட வேண்டியதுதான் லா. மொதலாளியே சொல்லிட்டாரு" என்று சிரித்தாய். நான் ரசத்தைப் பார்க்கப் போவதுபோல உள்ளே போய்விட்டேன். உனக்கு உன் அம்மா எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். மோட்டாரில் பின்னால் உட்காரப் பயம், செனாவாங் பெரிய சாலையைக் கடக்கப் பயம், போலீஸ்காரர் சும்மா எதிரே வந்தாலே பயம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று நீ கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. நேரில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், நீயும் "விடு மா" என்று எழுந்து போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்துதான்; பிழை இருந்தால் மருமகளைப் படித்துக் காட்டச் சொல்.

உன் அப்பாவை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனது உனக்குத் தெரியும். அவர் போன பிறகு அவருடைய துப்பாக்கி என் கையில் இருந்தது என்பது உனக்குத் தெரியாது. சுவா ஊருக்கு உள்ளே இருந்த நம் தோட்டத்தில் உன் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர்தான். ஆனால் வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்தே காட்டுப்பன்றி சுடும் வேலையும் அவருக்கு இருந்தது. கல்யாணமான புதிதில் நானும் கூடப் போவேன். தோட்டா எடுத்துக் கொடுப்பது, விளக்குப் பிடிப்பது, பிறகு ஒரு நாள் நானே சுடுவது என்று பழகிவிட்டேன். என் தோளில் துப்பாக்கியை வைத்துப் பிடித்துக் காட்டியபோது அவர் சொன்னது ஒன்றுதான்: "பன்னியப் பாக்காத புள்ள. பன்னிக்குப் பின்னால என்னா நிக்குதுன்னு பாரு." அந்த வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. முன்னால் நிற்கிற பன்றியைப் பார்க்காமல் எப்படிச் சுடுவது என்று சிரித்தேன்.

ஜப்பான்காரன் வந்ததும் ஊரில் இருந்த துப்பாக்கியெல்லாம் பறிபோனது. ஒளித்து வைத்திருந்தால் தலை போகும் என்றார்கள். அப்படித் தலை போனதைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ரப்பர் விலைபோகாததால் மரங்களுக்கு இடையில் மரவள்ளி நடச் சொன்னார்கள். கிழங்கு காலூன்றியதும் பன்றிக் கூட்டம் வந்து தோண்டித் தின்றுவிடும். தோட்டத்தில் எழுத்து வேலை பார்த்த கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். அவர்தான் ஜப்பான்காரன் ஆபீசுக்கு நடையாய் நடந்து, உன் அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியை மட்டும் திருப்பி வாங்கி வந்தார். உன் அப்பாவைக் கொண்டுபோன பிறகு வேறு ஆள் இல்லை என்று என் பெயரில் அனுமதிச் சீட்டு வாங்கினார். பொம்பளைக்கா என்று அவர்கள் சிரித்தார்களாம். சீட்டைக் கொடுக்கும்போது கிராணி என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். அவர் முன்னால் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். "பிள்ளை, இது பன்றிக்கு மட்டும். சுட்ட தோட்டாவின்ர வெறுங்கூட்டை என்னட்டக் கொண்டுவந்து தரவேணும். ஒண்டு குறைஞ்சாலும் உன்னையும் கேப்பினம், என்னையும் கேப்பினம். மனுசரைப் பாத்து நீட்டவே கூடாது. விளங்குதோ?" என்றார். விளங்குது ஐயா என்றேன்.

உனக்கு அப்போது நடக்கத் தொடங்கிய வயது. பக்கத்து வரிசைவீட்டு லயத்துப் பச்சையம்மாள் அத்தையிடம் உன்னை விட்டுவிட்டுக் கிழங்குக் கொல்லைக்குப் போவேன். பச்சையம்மாளை உனக்கு ஞாபகம் இருக்கும், உன் கல்யாணத்தில் ஆலாத்தி எடுத்தாளே, அவள்தான். அவளுடைய புருஷனும் சயாமில். மாமியார் காலெல்லாம் வீங்கிப் படுத்தபடி கிடந்தாள். நாங்கள் இருவரும் ஒரு பானையில் பொங்கி இரண்டு வீட்டுக்குப் பிரித்துக்கொள்வோம். தினமும் கிழங்குதான். மாதம் ஒரு முறை லாரியில் வரும் ரேஷன் அரிசிதான் எங்களுக்கு அரிசி. அதைக் கிழங்கோடு சேர்த்துக் கஞ்சியாக நீட்டிக்கொள்வோம். பிள்ளைக்கும் நோயாளிக்கும் அடியில் தங்கும் சோற்றை வடித்துக் கொடுப்போம்.

அந்தச் சமயம் ரெம்பாவ் பக்கத்துத் தோட்டங்களில் பட்டப்பகலில் அரிசிக் கொள்ளை நடப்பதாகப் பேச்சு வந்தது. ஜப்பான்காரனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருக்கிறவர்கள் என்றார்கள் சிலர். நம்மைப் போலப் பசித்தவர்கள்தான் என்றார்கள் சிலர். தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஜப்பான்காரன் வாரம் ஒரு முறை சிரம்பானிலிருந்து வருவான். அவன் கிராணியிடம், அரிசி கொடுக்கும் நாளில் அந்தப் பொம்பளை துப்பாக்கியோடு காவல் நிற்கட்டும் என்று வாயால் சொல்லிவிட்டுப் போய்விட்டான். கிராணி என் வீட்டு வாசலுக்கே வந்து சொன்னார். "எழுத்தில கேட்டன், தரமாட்டன் எண்டுட்டான். ஏதும் நடந்தா நான் சொல்லேல்லை எண்டு சொல்லுவான். நீ நில்லு. ஆனா சுடாத" என்றார். சுடாமல் எதற்கு ஐயா நிற்பது என்று கேட்டேன். அவர் திரும்பி ஆபீஸ் பக்கம் நடந்துவிட்டார்.

அன்று காலை பெரட்டுக்களத்தில், அதாவது விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் மைதானத்தில், எல்லோரும் பையோடு வரிசையில் நின்றார்கள். வரிசையின் தலை அரிசி ஸ்டோர் படியில், அளந்து கொடுக்க நின்ற கிராணியின் முன்னால் இருந்தது. லாரி அந்த மாதத்துக்கு நாலு மூட்டை மட்டும் இறக்கிவிட்டுப் போய்விட்டது. நான் களத்தின் இந்தப் பக்கம் மரத்தடியில் துப்பாக்கியோடு நின்றேன். துப்பாக்கியும் பிள்ளையுமாக நிற்க முடியாதென்று உன்னைப் பச்சையம்மாள் இடுப்பில் வைத்திருந்தாள். கைப்பிள்ளைக்காரி என்று அவளை முன்னால் விட்டிருந்தார்கள்.

அவர்கள் ஸ்டோருக்குப் பின்னாலிருந்து நடந்தே வந்தார்கள். ஓடிவரவில்லை. நாலு பேர், முகத்தில் துணி. மூன்று பேர் கையில் பாராங் கத்தி, ஒருவன் கையில் கைத்துப்பாக்கி. கூலிக்கு மூட்டை தூக்க வந்தவர்களைப் போல வந்ததால் என்ன நடக்கிறது என்று யாருக்கும் உடனே புரியவில்லை. கைத்துப்பாக்கிக்காரன் கிராணியின் கழுத்தில் அதை வைத்த பிறகுதான் ஒரு பெண் அலறினாள். பாதிப் பேர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சிலர் ஓடினார்கள். பச்சையம்மாள் மட்டும் உட்காரவுமில்லை, ஓடவுமில்லை. நின்ற இடத்தில் மரமாக நின்றாள். அவளுக்கும் அந்தக் கைத்துப்பாக்கிக்காரனுக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான் இருந்தது. நீ அவள் தோளில் தலை வைத்துக் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என்னைக் கண்டு சிரித்தாய்.

நான் துப்பாக்கியைத் தூக்கிவிட்டேன். எப்போது தூக்கினேன் என்று தெரியாது. குழலின் நுனியில் அவன் நெஞ்சு தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. பன்றியைச் சுடும் தோட்டாவில் பெரிய பெரிய ரவைகள் இருக்கும். குழல் வாயைவிட்டு வெளியே வந்ததும் அவை ஒன்றாகப் போகாது, விரியும். அந்தத் தூரத்துக்கு ஒரு கதவு அகலத்துக்கு விரியும். அது எனக்குத் தெரியும், என் பின்னால் நின்ற மண்டோருக்கு, வேலை வாங்கும் கங்காணிக்கு, தெரியாது. "சுடுடி, என்னாத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற" என்று அவர் என் காதுக்குள் கத்தினார். அந்தக் கதவு அகலத்துக்குள் கிராணி இருந்தார். பச்சையம்மாள் இருந்தாள். நீ இருந்தாய்.

கைத்துப்பாக்கிக்காரன் என்னைப் பார்த்துவிட்டான். மலாயில் கீழே போடு என்றான். நான் போடவில்லை, சுடவுமில்லை. அவனும் என்னைச் சுடவில்லை. இப்போது யோசித்தால் அவனுக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. நான் ஆசைப்பட்ட ஒரே காரியம், யாராவது வந்து இந்தப் பாரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான். யாரும் வரவில்லை. துப்பாக்கி வைத்திருக்கிறவள் பக்கத்தில் யாரும் வரமாட்டார்கள் ஐயா. அது அன்று எனக்குத் தெரிந்தது.

அந்த நாலு பேரும் ஆளுக்கொரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டோருக்குப் பக்கத்து மேட்டில் ஏறி ஓடினார்கள். ரப்பர் மரங்களுக்கு நடுவே நேரான பாதை. அங்கே மனிதர் யாரும் இல்லை. நாலாவது ஆள் பின்தங்கினான். ஒரு காலை இழுத்து இழுத்து ஓடினான். "இப்பச் சுடு, இப்ப யாரு இருக்கா குறுக்க" என்றார் மண்டோர். அவர் சொன்னது சரி. குறுக்கே யாரும் இல்லை, பின்னால் மண்மேடுதான். அவன் முதுகு குழலின் நுனியில் வந்து நின்றது. அப்போது அவன் திரும்பிப் பார்த்தான். முகத்துத் துணி கழுத்துக்கு இறங்கியிருந்தது. பொன்னன். நம் தோட்டத்துக் கடைசி லயத்துப் பொன்னன். உன் அப்பாவோடு ஒரே லாரியில் ஏற்றி அனுப்பப்பட்டவன். உன் அப்பா இருக்கிறாரா இல்லையா என்று இந்த உலகத்தில் எனக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள்.

நான் சுடவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததால் சுடவில்லையா, முதுகு காட்டி ஓடுகிறவனைச் சுடக்கூடாது என்று அதற்கு முன்பே விரலை எடுத்துவிட்டேனா என்று நீ கேட்டால் என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியாது. எத்தனையோ வருஷமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். கண் மூடித் திறக்கும் நேரம் அது. அதற்குள் என்னென்ன நடந்தது என்று அந்த விரலுக்குத்தான் தெரியும்.

அவர்கள் மறைந்த பிறகு மண்டோர் தரையில் துப்பினார். "பன்னியச் சுடத்தான் லாயக்கு" என்றார். கிராணி படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "பிள்ளை, ரெண்டு தோட்டாவையும் கழட்டி என்ர கையில தா. எல்லாரும் பாக்கத் தா" என்றார். கொடுத்தேன். பச்சையம்மாள் உன்னை என்னிடம் நீட்டினாள்.

மறுநாள் ஒரு ராணுவ அதிகாரி ஆட்களோடு வந்தான். தோட்டத்து ஜனங்கள் எல்லோரையும் களத்தில் வெயிலில் உட்காரவைத்தார்கள். மண்டோரை முதலில் கேட்டார்கள். அவர் பயத்தில் எல்லாவற்றையும் கொட்டினார்: இவளிடம் துப்பாக்கி இருந்தது, தோட்டா இருந்தது, இரண்டு முறை வாய்ப்பு இருந்தது, சுடவில்லை. அதிகாரி என்னைக் கூப்பிட்டான். அவன் பேசியதை ஒருவர் மலாயில் சொன்னார். ஏன் சுடவில்லை. ஆட்கள் நின்றார்கள் என்றேன். அவர்கள் உனக்குத் தெரிந்தவர்களா. தெரியாது என்றேன். யாரையும் தெரியாதா. யாரையும் தெரியாது. கன்னத்தில் விழுந்த அடியில் காது அடைத்துப்போனது. என் இடது காது மந்தம் என்று நீ கேலி செய்வாயே, அது அன்றைக்கு வந்தது. திரும்பவும் கேட்டான். திரும்பவும் தெரியாது என்றேன். பொன்னன் பெயரைச் சொல்லியிருந்தால் கடைசி லயத்தில் இருந்த அவன் அம்மாவையும் தங்கையையும் அன்றே இழுத்துப் போயிருப்பார்கள். அவர்கள் எனக்கு மூன்று ஆள் தள்ளித்தான் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதிகாரி கொஞ்ச நேரம் நடந்தான். பிறகு, நேற்று வரிசை எப்படி நின்றதோ அப்படியே நிற்கவையுங்கள் என்றான். ஜனங்களை எழுப்பி நிறுத்தினார்கள். பச்சையம்மாளை அவள் நின்ற இடத்தில் நிறுத்தினார்கள், உன்னை அவள் இடுப்பில் ஏற்றி. கைத்துப்பாக்கிக்காரன் நின்ற இடத்தில் ஒரு வாழைமரத்தை வெட்டி நட்டார்கள். என் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். இரண்டு தோட்டாவையும் போடச் சொன்னான். வாழைமரத்தைச் சுடு, ஆட்கள் மேல் படுகிறதா இல்லையா என்று நான் பார்க்கிறேன் என்றான். மலாயில் சொல்ல வேண்டியவர் அதைச் சொல்ல முடியாமல் திணறினார். நான் காலில் விழுந்தேன். ஒருவன் முடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். பச்சையம்மாள் உன் முகத்தைத் தன் மார்புக்குள் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். என் வாயில் சாமி பேர்கூட வரவில்லை.

அப்போது கிராணி முன்னால் வந்தார். அவர் தைரியசாலி இல்லை ஐயா. இடி இடித்தாலே மேசைக்கு அடியில் போகிறவர் என்று தோட்டமே சிரிக்கும். அவர் இடுப்பு வரை குனிந்து, வெற்றுச் சாக்குகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மலாயில் சொன்னார்: "துவான், ஆட்களுக்குப் பதிலாக இவற்றைத் தொங்கவிடலாம். சாக்கில் ஓட்டை விழுந்தால் நன்றாகத் தெரியும். ஆட்கள் செத்தால் நாளைக்குக் கிழங்கு பிடுங்க ஆள் குறையும்." அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கிராணியின் வேட்டி நனைந்திருந்தது, எல்லோருக்கும் தெரிந்தது, அவர் நகரவில்லை. பிறகு அதிகாரி தலையை அசைத்தான்.

வரிசை நின்ற இடத்தில் கயிறு கட்டி, ஆள் உயரத்துக்குச் சாக்குகளைத் தொங்கவிட்டார்கள். நான் சுட்டேன். வாழைமரம் கிழிந்து சாய்ந்தது. அதிகாரி போய்ச் சாக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தான். கிராணி நின்ற இடத்துச் சாக்கில் ஓட்டை. பச்சையம்மாள் நின்ற இடத்துச் சாக்கில் மூன்று ஓட்டை. அதில் ஒன்று, இடுப்பில் இருக்கும் பிள்ளையின் தலை உயரத்தில். அவன் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தான். மேட்டில் ஓடும்போது ஏன் சுடவில்லை என்று கேட்டான். நான் பேசுவதற்கு முன் கிராணி அனுமதிச் சீட்டை நீட்டினார். அதில் அவர்கள் ஆபீஸ் முத்திரை இருந்தது, காட்டுப்பன்றிக்கு மட்டும் என்று இருந்தது. காவல் நிற்கச் சொன்ன தோட்டத்து ஜப்பான்காரன் பக்கத்தில்தான் நின்றான். தான் அப்படி எதுவும் சொல்லவே இல்லை என்றான். கிராணி சொன்னது அப்படியே நடந்தது. அதிகாரி சீட்டைக் கிழித்துப் போட்டான், கிராணியை உதைத்துத் தள்ளினான், துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். உயிரோடு விட்டான். அதற்கு மேல் அந்தக் காலத்தில் யாரும் நியாயம் எதிர்பார்க்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் உன் அம்மா சரியாகத்தான் செய்தாள் என்று நீ சொல்லிவிட்டுப் போகலாம். முடியவில்லை. அந்த மாதம் அரிசி இல்லை. துப்பாக்கி இல்லாததால் பன்றிகள் வந்து கிழங்கையும் தோண்டிவிட்டன. காட்டுக்கீரையும் கிழங்குத் தோலும் தின்றோம். மழை பிடித்த சமயத்தில் பச்சையம்மாளின் மாமியார் போய்விட்டாள். லயத்தில் வேறு இரண்டு வீட்டிலும் சாவு விழுந்தது. குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடும். அடக்கம் முடிந்து வந்த அன்று பச்சையம்மாள் என் வாசலில் நின்று சொன்னாள்: "நீ சுட்டிருந்தா நான் செத்திருப்பேன்க்கா. சுடாததால கெழவி செத்துப்போச்சு. ஒன்னையக் கும்புடவா வையவான்னு எனக்குத் தெரியல." எனக்கும் தெரியவில்லை. இருவரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவள் உன்னை வாங்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டினாள்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு ஒரு மத்தியானம் பொன்னன் வந்தான். காலில் சயாமில் வந்த புண் ஆறாமல் எலும்பு தெரிந்தது. வாசலிலேயே நின்று உன் அப்பா சங்கதியைச் சொன்னான். காலராவில் போய்விட்டார், கொட்டகையில் இவன் மடியில்தான் உயிர் பிரிந்தது, அதன் பிறகு இவன் தப்பி நடந்தே வந்திருக்கிறான். நான் அழவில்லை. எப்போதோ தெரிந்த செய்தியைத் திரும்பக் கேட்பதுபோல இருந்தது. "அன்னைக்கு நீ சுட்ருவேன்னுதான் நெனச்சேன்க்கா. முதுகு கூசிக்கிட்டே ஓடுனேன்" என்றான். நான் கேட்டது ஒன்றுதான். அந்த அரிசியை யாரப்பா தின்னீங்க. அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கொஞ்சம் தின்னோம். மிச்சத்தக் கள்ளச் சந்தையில வித்துட்டாங்க" என்றான். நான் கதவைச் சாத்திவிட்டேன். அன்று முதல்முறையாக, சுட்டிருக்கலாமே என்று நினைத்தேன். ஆனால் அவன் மடியில்தானே உன் அப்பாவின் தலை இருந்தது. ஒரே மனிதன்தானே இரண்டையும் செய்தான். குழலின் நுனியில் நிற்கும்போது நமக்குத் தெரிவது முதுகு மட்டும்தான் ஐயா.

இதையெல்லாம் உனக்கு இப்போது எதற்குச் சொல்கிறேன். கடையில் நகைக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நீயே சொன்னாய். போனால் முதலாளிக்கு வரும். கடைக்குள் வளையல் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்ணுக்கும், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கும், சாலையில் சும்மா நடந்துபோகிறவனுக்கும் திரும்ப எதுவும் வராது. கத்தி ஒருவர் கழுத்தில் இறங்கப்போகிறது, வேறு வழியே இல்லை என்றால், அப்போது உனக்கு உரிமை இருக்கலாம். அதையும் உன் லைசென்ஸ் கொடுத்தவரிடம் போய்த் தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொள். நகைக்காக, கோபத்துக்காக, பின்னால் ஒருவன் சுடு சுடு என்று கத்துகிறான் என்பதற்காக உரிமை இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை ஓடவிடு. அவன் முகத்தைப் பார், வண்டியைப் பார், அது போதும். முதலாளி வாயால் சொன்னதை நம்பாதே; எழுதித் தரச் சொல். தரமாட்டார். தரமாட்டார் என்று நீ தெரிந்துகொண்டாலே போதும், நாளைக்குக் கோர்ட்டில் கூண்டில் யார் தனியாக நிற்பது என்று உனக்குப் புரிந்துவிடும்.

இன்னொன்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் அன்று பொய் சொன்னேன். தெரிந்தவனைத் தெரியாது என்றேன். உன்னிடம் மட்டும், ஏதாவது நடந்தால் உள்ளதை உள்ளபடி சொல் என்கிறேன். இது எப்படிப் பொருந்தும் என்று நீ கேட்பாய். அன்றைக்குக் கேட்டவன் கையில் இருந்தது சட்டம் இல்லை, கத்தி. உண்மையைச் சொன்னால் பொன்னன் அம்மாவின் தலை போகும். இன்றைக்கு உன்னைக் கேட்கிறவர் தப்பும் செய்யலாம், தாமதமும் செய்யலாம். ஆனால் கேட்பதற்கு ஒரு இடம் இருக்கிறது, உன் பக்கம் பேச ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அந்த வித்தியாசத்துக்காக எத்தனை பேர் காத்துக்கிடந்து செத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதை நீ பொய்யால் கெடுக்காதே. நான் சொன்ன பொய் சரிதானா என்று இன்னும் எனக்கு முழுசாகத் தெரியாது. அந்த அரிசிக்காகச் செத்தவர்களின் பிள்ளைகளுக்கு அவன் பெயரைத் தெரிந்துகொள்ளும் நியாயம் இல்லையா என்று சில நாள் தோன்றும். கிராணியிடம் ஒரு முறை கேட்டேன். "பிள்ளை, நானும் அவன்ர முகத்தைக் கண்டனான்" என்று மட்டும் சொன்னார். பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்த வேலையை விட்டுவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டே வரும்போது அதைச் சொல்ல முடியாது என்று புரிகிறது. தொழிற்சாலையில் ஆளைக் குறைத்த பிறகு நீ எத்தனை வாசல் ஏறி இறங்கினாய் என்று நான் பார்த்தவள். பேத்திக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. போய் நில். ஆனால் பயத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதே. ஆம்பிளைக்குப் பயம் அழகில்லை என்று யாராவது சொன்னால், அவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்துக் கூட்டத்துக்கு எதிரே அரைமணி நேரம் நிற்கச் சொல்.

உன்னைத் திருடன் ஏதாவது செய்துவிடுவானோ என்று எனக்குப் பயம்தான். பெற்றவளுக்கு அது இல்லாமல் இருக்குமா. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் சாயங்காலம் நீ காயம் எதுவும் இல்லாமல் வீட்டுக்கு வருவாய். மருமகள் காப்பி கொடுப்பாள். பேத்தி ஓடிவந்து மடியில் ஏறுவாள். அவள் தலையைத் தடவ உனக்குக் கை வராது. பேப்பரில் உன்னை வீரன் என்று போட்டிருப்பார்கள். செத்தவன் வீட்டில் ஒரு கிழவி என்னைப் போல உட்கார்ந்திருப்பாள். அந்த நாள் வரக்கூடாது என்றுதான் முனீஸ்வரர் கோயிலில் தினமும் விளக்கேற்றுகிறேன். என் மகன் ஜெயிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. சாயங்காலம் கடையை இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்க வேண்டும், துப்பாக்கியை எடுத்தது போலவே திருப்பி வைத்துவிட்டு நீ பஸ் ஏற வேண்டும், இன்றைக்கு என்னப்பா விசேஷம் என்று பேத்தி கேட்டால் ஒன்றும் இல்லை என்று நீ சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

உன் அம்மா